மோதிரத்துக்குள் நுழைந்த கம்பளி

எங்கள் வீட்டில் கம்பளி என்று ஒரு பொருளே கிடையாது. திருவனந்தபுரத்தில் அது யாருக்கு வேண்டும்? மார்கழியில்கூட மின்சாரம் போய் ஃபேன் நின்றால் விழித்துக்கொள்கிற ஜனங்கள் நாங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பொன்முடிக்குக் கூட்டிப்போனால் மட்டும் ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்வார்கள். அதை யாரிடமாவது இரவல் வாங்கி, மலைப்பாதை வளைவுகளில் அதன்மேலேயே வாந்தி எடுத்து, துவைத்து, ஒரு சுற்றுச் சிறுத்துப்போனதைக் கூச்சத்தோடு திருப்பிக் கொடுப்போம். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு நாள் கடல் கடந்து ஒரு கம்பளிச் சால்வை வந்து சேர்ந்தது. அதோடு என் பயமும் ஒரு படி ஏறியது.

பயப்படுவதில் எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல தேர்ச்சி உண்டு. மழை பெய்தால் பள்ளி பஸ் வராதோ என்று பயம், வெயில் அடித்தால் விளையாட்டுப் பீரியட் வந்துவிடுமே என்று பயம். ஆனால் அந்தப் புரட்டாசி மாதத்துப் பயம் வேறு ஜாதி. அத்தை எங்களை விட்டுப் போய்விடுவாள் என்கிற பயம்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் எங்கள் வீட்டின் ஆட்சி முழுக்க அவளுடையது. அம்மாவுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நான் பல் தேய்ப்பதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். அப்பாவுக்கு பாங்க். என் தலையைப் பின்னிவிடுவது, டிபன் கட்டுவது, காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது எல்லாம் அத்தைதான். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு மலையாளத்தில் கணக்கு ட்யூஷன் எடுப்பாள். தப்பாகப் போட்டால் “எந்தா மோனே, இது கணக்கா, கதையா?” என்பாள். பையன்கள் அடிக்குப் பயப்படுவதைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயப்பட்டார்கள்.

ஆனால் காலையில் அவள் வேறு ஆள். குளித்துவிட்டு, யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டுவிட்டால் அவள் மடி. மடியில் இருக்கிறவளை நான் தொடக் கூடாது. தொட்டால் அவள் திரும்பக் குளிக்க வேண்டும். அந்தப் புடவைகள் உலர்வதற்கென்றே வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் உத்தரத்திலிருந்து ஒரு மூங்கில் கொடி தொங்கியது. ஒரு நீளக் கோலால் புடவையை மேலே போடுவாள், கோலாலேயே எடுப்பாள். அந்தக் கொடிப் பக்கம் நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சாப்பிட்டு முடித்து வேறு புடவை மாற்றிக்கொண்ட பிறகுதான் அத்தை எல்லோருக்கும் ஆனவள்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரே ஒரு சலுகை இருந்தது. பட்டுக்குத் தீட்டு ஒட்டாதாம். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டால் மடியில் இருக்கும் அத்தையைக் கட்டிக்கொள்ளலாம், அடுப்படிவரைக்கும் போகலாம். ஒரு தடவை எனக்கு நல்ல காய்ச்சல். அம்மாவின் கல்யாணப் புடவையை என்மேல் சுற்றி அத்தை மடியில் உட்கார்த்திவைத்தார்கள். ஒரு பக்கம் ரசம் கொதிக்க, மறு பக்கம் நான் கொதிக்க, அத்தை இரண்டையும் பார்த்துக்கொண்டாள். இதனால் எங்கள் வகுப்பிலேயே அதிகமாகப் பட்டுப்பாவாடை கிழித்தவள் நான்தான்.

அந்த வருஷம் ஓணம் கழிந்த சமயத்தில் சித்தப்பா ஃபோனில் விஷயத்தை உடைத்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, கடல் நடுவில், ஷெட்லாந்து என்ற தீவுக்கூட்டத்தில் இன்ஜினியராக இருந்தார். அங்கே மரமே கிடையாது, காற்று ஆளைத் தள்ளும், மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் என்று சொல்வார். அந்தத் தீவுப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாராம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டு சமாராதனைக்கு அவளையும் அழைத்துக்கொண்டு வருகிறாராம். வருஷம் ஒருமுறை பெருமாளுக்குச் சமைத்துப் படைத்து, தெரிந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிற நாள் அது. அத்தை விடிவதற்கு முன்பே மடி கட்டிக்கொள்கிற நாளும் அதுதான்.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கையில் இருந்த வெண்டைக்காயை நறுக்கி முடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

“அவன் வரட்டும். அவன் பொறந்த ஆத்துக்கு அவன் வரான். ஆனா அவ இந்தப் படி ஏறினா, நான் படி இறங்கிடுவேன். சாயங்கால வண்டியைப் பிடிச்சுக் கல்லிடைக்குறிச்சி போயிடறேன்.”

கல்லிடைக்குறிச்சியில் ஒன்றுவிட்ட சித்தி வீடு இருந்தது. அடுத்த நாளே பரணிலிருந்து பச்சை ரெக்ஸின் பை கீழே இறங்கியது. அதில் இரண்டு புடவையும் ஒரு சொம்பும் வைத்து, தான் படுக்கும் அறையின் கதவோரம் சாய்த்துவைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பையைத்தான். இருந்தால் அத்தை இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா வீடியோவில் வருவார். முன்பெல்லாம் அத்தைதான் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு, “மெலிஞ்சு போயிட்டியேடா, அங்க என்னத்தைத் திங்கறே?” என்று விசாரிப்பாள். இப்போது ஃபோனுக்கு முன்னாலேயே வரமாட்டாள். ஆனால் கதவுக்குப் பின்னால், கேமராவில் விழாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருப்பாள். “அக்கா எங்கே?” என்று சித்தப்பா கேட்டால், “அடுக்களைல வேலையா இருக்கா” என்று அம்மா சொல்வாள். இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டு அத்தை அதைக் கேட்டுக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் சால்வை வந்தது. சித்தப்பாவுக்குத் தெரிந்த யாரோ கழக்கூட்டத்துக்கு வந்தார்கள், அம்மாவின் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரித்தபோது ஆட்டு வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து அடித்தது. விபூதியில் துளி பழுப்பைக் கலந்தால் வருகிற நிறம். சாயம் கிடையாதாம், ஆட்டின் நிறமே அதுதானாம். அலை அலையாக ஓட்டை விட்டுப் பின்னியிருந்தது. விரித்தால் கட்டிலை மூடும், சுருட்டினால் என் கைக்குள் அடங்கும். அந்தப் பெண் அவளுடைய அம்மாவோடு உட்கார்ந்து ஒரு குளிர்காலம் முழுக்கக் கையாலேயே பின்னியதாம். அத்தைக்கு என்றே பின்னியதாம்.

“மோதிரத்துக்குள்ள நுழையுமாம். அந்த ஊர்ல அப்படித்தான் சோதிச்சுப் பார்ப்பாளாம்” என்றார் அப்பா.

அம்மா உடனே தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றினாள். ஒரு முனையை நுழைத்து மெல்ல இழுக்க, அத்தனை பெரிய சால்வை சர்ரென்று மோதிரத்தின் மறுபக்கம் வந்துவிட்டது. “கொள்ளாமே, நன்னாயிருக்கே!” என்று அம்மா சின்னப் பெண்போலக் குதித்தாள். பிறகு அத்தையின் ஞாபகம் வந்து குதித்ததை நிறுத்திக்கொண்டாள்.

அத்தை கிட்டே வரவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் மோதிரத்துக்குள் சால்வை போனபோது அவள் கையும் நின்றதை நான் பார்த்தேன்.

“கம்பளிதானே? நூல் கலந்ததோ?” என்று முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“சுத்தக் கம்பளி, அக்கா.”

“ஆட்டைக் கொன்னு எடுத்ததோ?”

அப்பாவுக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் விசாரித்துச் சொன்னார். அந்தத் தீவு ஆட்டுக்குக் கோடைக்கு முன்னால் ரோமம் தானாகவே தளர்ந்துவிடுமாம். கத்திகூட வைக்காமல் கையாலேயே உருவி எடுத்துவிடுவார்களாம், ஆடு பேசாமல் நின்றுகொண்டிருக்குமாம். அத்தை “ம்” என்றாள். சண்டைக்குப் பாயிண்ட் சேர்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் அத்தை எந்தச் சண்டைக்கும் தயாராகாமல் போகிறவள் அல்ல.

சால்வையை அப்பா பீரோவின் மேல் வைத்தார். தெருவில் செய்தி பரவி எதிர்வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவள் வராத வீடு எங்கள் தெருவில் இல்லை. “இந்த ஊர்லேருந்து நர்ஸெல்லாம் அங்க போறா. இவன் என்னடான்னா அங்கேருந்து ஒரு நர்ஸைக் கூட்டிண்டு வரான்!” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “மூத்தவ சம்மதிச்சாளோ?” என்று கேட்டாள். அம்மா காப்பி போடப் போய்விட்டாள்.

சமாராதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பள்ளி விட்டு வந்து பார்த்தால் பை இருந்தது. பீரோவின் மேல் சால்வை இல்லை.

அம்மா வருகிறவரை காத்திருக்க முடியாமல் நானே தேடினேன். என் கைக்கு எட்டுகிற இடம், ஏறி எட்டக்கூடிய இடம் எல்லாவற்றிலும் தேடினேன். கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். இஸ்திரிக்காரரிடம் ஓடிப்போய், “சேட்டா, எங்க வீட்டுலேருந்து ஒரு கம்பளி வந்ததா?” என்று கேட்டேன். “கம்பளியோ? இவிடேயோ?” என்று அவர் சிரித்தார். குப்பைத் தொட்டியைக்கூடக் கிளறினேன். அதற்குள் முருங்கைக்காய்ச் சக்கைதான் இருந்தது.

அத்தையிடம் கேட்டிருக்கலாம். வீட்டில் யாருக்கும் அந்தத் தைரியம் இல்லை. அம்மா அப்பாவைக் கேட்கச் சொன்னாள், அப்பா அம்மாவைக் கேட்கச் சொன்னார். “பாத்திரக்காரிகிட்டப் போட்டிருப்பாளோ?” “சீச்சீ, அக்கா அப்படியெல்லாம் பண்ணமாட்டா.” “பின்னே எங்கே? கால் முளைச்சா போச்சு?” அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஆசையாகக் கேட்டார்: “மன்னி, அக்கா அதைத் தொட்டாவது பார்த்தாளா? இவ தினமும் கேட்கறா.” அம்மா வாய் கூசாமல், “பத்திரமா இருக்கு” என்றாள். கதவுக்குப் பின்னால் நின்ற அத்தையின் முகத்தை நான் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் எனக்குத் தூக்கமே சரியாக இல்லை. அந்தப் பெண் வருவாள், என் சால்வை எங்கே என்று கேட்பாள். அம்மா முழிப்பாள், சித்தப்பா அத்தையைக் கேட்பார், அத்தை பையை எடுத்துக்கொண்டு படி இறங்குவாள். அப்புறம் எனக்கு யார் தலை பின்னுவது? அம்மா பின்னினால் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். இப்படி ஒரு சின்னச் சுயநலத்தில் வந்து முடியும் என் பெரிய துக்கம்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. விமானம் காலையில் வரவேண்டியது. வழியில் எங்கேயோ தாமதம், மத்தியானம் ஆகிவிடும் என்று சித்தப்பா செய்தி அனுப்பினார். பெருமாளுக்குப் படைத்து, கூப்பிட்டிருந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, பழவங்காடிப் பிள்ளையாரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினார்கள். எதிர்வீட்டு மாமி மட்டும் கிளம்பவில்லை. “கால் வலிக்கறது, செத்த உட்கார்ந்துட்டுப் போறேனே” என்று வாசல் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்துகொண்டாள்.

அத்தை சாப்பிடவில்லை.

“எல்லாம்தான் முடிஞ்சுடுத்தே. நீங்க உட்காருங்கோ அக்கா, நான் பரிமாறறேன்” என்று அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். “பசியில்லை” என்று மூன்று தடவையும் பதில் வந்தது. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவளுக்குப் பசியில்லையாம். மடிப் புடவையையும் மாற்றவில்லை. எனக்கு அது உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். போகிற வீட்டில் சாப்பிட அவளுக்கு மனசில்லை. மாற்றுப் புடவை எல்லாம் பைக்குள் இருக்கிறது. அந்தப் பையும் இப்போது அறைக் கதவோரத்திலிருந்து நகர்ந்து ரேழிக்கு வந்துவிட்டது. அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதும், பையைப் பார்ப்பதும், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். நான் அந்தப் பையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குக் கட்டியிருந்த பட்டுப்பாவாடையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று மணிக்குமேல் இடி இடித்தது. துலா மாதம் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட சாயங்கால மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரில்தான் தெருக்கோடியில் ஒரு டாக்ஸி நின்று, இரண்டு பேர் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள்.

சித்தப்பா தொப்பலாக நனைந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவரைவிட அரை சாண் உயரமாக அந்தப் பெண். முகம் தக்காளிபோலச் சிவந்திருந்தது. போட்டிருந்த சுடிதார் ஒரு அளவு சின்னது, தோளில் பிடித்தது. இருவரும் வாசலுக்கு வந்தார்கள். சித்தப்பா ஒரு படி ஏறினார். அவள் ஏறவில்லை. கொட்டுகிற மழையில், படிக்குக் கீழேயே நின்றாள். நின்றது மட்டுமல்ல, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த நிற்றல் எனக்குத் தெரிந்த நிற்றல். அடுப்படி வாசலில் பருத்திப் பாவாடையோடு நிற்கும்போது நான் அப்படித்தான் நிற்பேன். மறந்துகூடத் தொட்டுவிடக் கூடாதென்று கையைப் பின்னால் பூட்டிக்கொள்வேன். சித்தப்பா சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

“அக்கா” என்றார் சித்தப்பா.

அவளும் சொன்னாள். “அக்கா. நமஸ்காரம்.” எழுத்தெழுத்தாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சரியாகச் சொன்னேனா என்று சித்தப்பாவைப் பார்த்தாள்.

அத்தை நிலைப்படிக்கு உள்ளே நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பின்னால் கட்டிய கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி வீட்டுக்குள் வந்தாள். பைக்குத்தான் வருகிறாள் என்று நான் இரண்டு கையாலும் பையின் காதைப் பிடித்துக்கொண்டேன். அத்தை என்னையும் பையையும் தாண்டிப் போனாள். இரண்டாம் கட்டில் கோல் மூங்கிலில் உரசுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் கையில் நீளக் கோல் இருந்தது. கோலின் நுனியில், விரிந்து, அந்தச் சால்வை தொங்கியது.

அது அத்தனை நாளும் எங்கள் தலைக்கு மேலே, அத்தையின் மடிப் புடவைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நிமிஷம் அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. செத்த பல்லியை விளக்குமாற்றுக் குச்சியால் தூக்கிப் போடுவதுபோல, கையால்கூடத் தொடாமல் அவள் கொடுத்ததை அவளிடமே எறியப்போகிறாள் என்றுதான் பட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். “அக்கா, வேண்டாம்” என்று முனகினாள். மாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண் தான் பின்னிய சால்வையை அடையாளம் கண்டுகொண்டாள். சிவந்திருந்த முகம் வெளுத்தது. கை மட்டும் பின்னாலேயே இருந்தது.

அத்தை கோலைச் சுவரில் சாய்த்தாள். சால்வையைக் கையில் எடுத்து ஒரு உதறு உதறினாள். மழையில் இரண்டு படி இறங்கி, எக்கி, அதை அந்தப் பெண்ணின் தோளில் போட்டாள்.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். திருப்பிக் கொடுத்தாயிற்று. எல்லாம் முடிந்தது.

ஆனால் அத்தையின் கை நிற்கவில்லை. சால்வையைத் தோளைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, தொங்கிய முனையை இடுப்பில் செருகி, மூட்டை கட்டுவதுபோல அவளை மொத்தமாகச் சுற்றினாள்.

“பாவம், குளிர்ல வெடவெடன்னு நடுங்கறா” என்றாள்.

“குளிரா?” மாமிக்குப் பொறுக்கவில்லை. “அவளுக்கு வேர்த்துன்னா கொட்டறது!”

உண்மையில் கொட்டத்தான் செய்தது. பனி பெய்கிற ஊர்க்காரிக்கு எங்கள் ஊர் மழை வெந்நீர்தானே. அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, பூட்டியிருந்த கையைப் பிரித்து, ஒரு கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு படி ஏறினாள்.

“மடியோட தொட்டுட்டேளே!” என்றாள் மாமி.

“கம்பளிக்குத் தீட்டு கிடையாது. தெரியாதோ உங்களுக்கு?”

“அது குழந்தைகளுக்குன்னா சொல்லியிருக்கு.”

“கம்பளிக்கு வயசு தெரியுமா மாமி?”

மாமிக்குக் கால்வலி சட்டென்று சரியாகிவிட்டது. குடையை விரித்துக்கொண்டு கிளம்பினாள்.

அத்தை அந்தப் பெண்ணை நிலைப்படி இடிக்காமல் குனியவைத்து, நேரே பெருமாள் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு அடுக்களைக்குள்ளேயே இலை போட்டாள். பட்டுப்பாவாடை இல்லாமல் நான் நுழைய முடியாத அடுக்களை! அவளை உட்காரவைத்துத் தன் கையால் பரிமாறிவிட்டு, பக்கத்தில் தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டாள். போகிற வழியில் என்னைப் பார்த்து, “எதுக்குடி இப்படி அலறறே? எழுந்திரு. அந்தப் பையைக் கொண்டுபோய்ப் பரண்ல போடச் சொல்லு உங்கப்பாவை” என்றாள். அப்பா நான் இறங்குவதற்குள் பையை உருவியதில் நான் தரையில் விழுந்தேன். அடி பலம்தான். ஆனால் அப்படி ஒரு சந்தோஷமான அடியை நான் அதற்குப் பிறகு பட்டதில்லை.

எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினால், சித்தப்பா ரேழியில் ஈரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை அல்ல, தோள் குலுங்குகிற அழுகை. மீசை வைத்த மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் போய், “அழாதீங்கோ சித்தப்பா, அத்தை கோவிச்சுக்கலை. கம்பளின்னா தொடலாமாம்” என்று விளக்கினேன். அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, “தெரியும்டா கண்ணா, எனக்குத் தெரியும்” என்று இன்னும் அதிகமாக அழுதார். தெரிந்தால் எதற்கு அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அத்தை பேசிப் பேசிச் சாப்பிட்டாள். அவள் தமிழிலும் மலையாளத்திலும் பேச, அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிப் பாயசத்தில் விழுந்தது. அம்மா ஃபேனை ஐந்தில் வைத்தாள். ஒரு தடவை தாங்க முடியாமல் அந்தப் பெண் சால்வையின் முனையில் கை வைத்தாள். சித்தப்பா அடுக்களை வாசலிலிருந்து இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் கையை எடுத்துவிட்டு, சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அத்தை சாப்பிட்டு எழுந்து, புடவை மாற்றிக்கொண்டு வருகிறவரைக்கும் அதைக் கழற்றவில்லை.

மறுநாள் காலை அவள் கழுத்தும் தோளும் முழுக்கச் சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு. அத்தை சந்தனம் அரைத்து, தன் முன்னால் அவளை உட்காரவைத்துப் பூசிவிட்டாள். அதைப் பார்த்துச் சித்தப்பாவுக்கு மறுபடி கண் கலங்கியது. வேர்க்குருவுக்கெல்லாம் அழுகிற ஆண்பிள்ளை உண்டா என்று நான் நினைத்தேன். அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

அவள் எனக்குச் சித்தியானாள். சால்வை இன்னும் அத்தையின் கொடியில்தான் இருக்கிறது. இதெல்லாம் நடந்து வெகு காலம் கழித்து, நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள், அத்தை ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். சித்தப்பா தவழ்கிற குழந்தையாக இருந்தபோதே அவர்களுடைய அம்மா போய்விட்டாளாம். அப்போது அத்தை பாவாடை தாவணி கட்டுகிற பெண். அடுப்படியும் மடியும் குழந்தையும் ஒரே நாளில் அவள் தலையில் விழுந்தன. பட்டுக்கு வசதி இல்லை. வீட்டில் ஒரு பழைய கம்பளி இருந்தது. அதில் குழந்தையைச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மடியோடு சமைப்பாளாம்.

“நம்ம ஊர்ப் புழுக்கத்துல, அடுப்புப் பக்கத்துல, கம்பளிக்குள்ள” என்றார் அப்பா. “உடம்பெல்லாம் வேர்க்குருவா இருக்கும் அவனுக்கு. சந்தனம் அரைச்சுப் பூசுவா. ஆனா ஒரு நாள்கூடக் கீழ இறங்கமாட்டான் தெரியுமோ? இறக்கிவிட்டாத்தான் அழுவான்.”